நிறுத்து, திரும்பக் கேள்: குடமுருட்டிக் கரையில் ஒரு ஜூனியர் வக்கீல் முகாம்

டெல்டா கோர்ட்டுகளில் ஒரு ஜூனியர் வக்கீல் முதலில் தேறுவது வாய்தா வாங்குவதில்தான். சீனியர் மதுரை ஹைகோர்ட் பெஞ்சில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும், கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள். சீனியருக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதல் விசாரணை முடியட்டும், கிராஸை (குறுக்கு விசாரணையை) இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறோம். இந்த மூன்று வாக்கியங்களோடு இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. வக்காலத்து தாக்கல் செய்யத் தெரியும், நகல் மனு போடத் தெரியும், பெஞ்ச் கிளார்க்கிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் தெரியும். கூண்டில் நிற்கிற சாட்சியிடம் நாலு கேள்வி கேட்கத் தெரியாது. கேட்க விட்டால்தானே தெரியும்?

இந்த ஒரு குறையை மட்டும் குறிவைத்து, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி கோர்ட்டுகளில் தொழில் செய்யும் சீனியர்கள் சிலர் சேர்ந்து, பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு வார இறுதித் தங்கும் முகாம் நடத்தினார்கள். பயிற்சியாளர்களில் ஒருவனாக நானும் போயிருந்தேன். அங்கே எது பலித்தது, எது பலிக்கவில்லை, எல்லோரும் அவரவர் கோர்ட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. ஆட்களின் பெயர்கள் தேவையில்லை, விட்டுவிட்டேன்.

இடம் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, வாடகை குறைவு. மணமகள் அறையும் அதை ஒட்டிய கூடமும் பெண் வக்கீல்களுக்கு. இரவு தங்க வேண்டும் என்றதுமே சில வீடுகளில் தயங்கினார்கள். மூத்த பெண் வக்கீல் ஒருவர் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் போட்டு, "நானும் புள்ளைங்களோடதான் படுத்துக்கிறேன், கவலைப்படாதீங்க" என்று சொன்ன பிறகே பதிவு செய்த பெண்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். இப்படி ஒரு முகாம் நடத்த நினைப்பவர்கள் பாடத்திட்டம் போடுவதற்கு முன்னால் இதை யோசிப்பது நல்லது.

முகாமின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் பதிவுக்கு முந்தைய பயிற்சி இருந்தது. 1973 திருத்தத்தில் போயிற்று. 1995-ல் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கி விதி போட்டது. 1999-ல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு நடக்கிறது, 2023-ல் அரசியல் சாசன அமர்வும் அது செல்லும் என்றது. ஆனால் அது எழுத்துத் தேர்வு. ஒருவருக்குச் சட்டம் தெரியுமா என்று பார்க்கும். சாட்சி எதிரே நிற்கும்போது வாய் வருமா என்று பார்க்காது. 2025 மே மாதம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பவும் கொண்டுவந்தது. வாய்தா மட்டுமே வாங்கிக் கழித்தாலும் மூன்றாண்டு மூன்றாண்டுதான்! சிவில் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2002 திருத்தத்துக்குப் பிறகு, சாட்சியை அழைத்த தரப்பு நடத்தும் முதல் விசாரணையே பிரமாண வாக்குமூலமாகத் தாக்கலாகிவிடுவதால், ஜூனியர் வாய் திறந்து ஒரு சாட்சியை நடத்திப் போகும் வாய்ப்பு அங்கே சுருங்கிவிட்டது.

இன்னொன்று, டெல்டாவுக்கே உரியது. 2004-ல் மதுரை பெஞ்ச் வந்தபோது தஞ்சாவூர் மாவட்டம் அதன் எல்லைக்குள் போனது. திருவாரூரும், மயிலாடுதுறையை உள்ளடக்கிய அன்றைய நாகப்பட்டினமும் சென்னையோடு நின்றுவிட்டன. கும்பகோணத்து அப்பீல் மதுரைக்கு, பக்கத்து மயிலாடுதுறை அப்பீல் சென்னைக்கு. ஒரே ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர்கள், ஒரே மாதிரி வழக்குகள். ஆனால் சீனியர்களின் தொடர்புகளும் நோட்டங்களும் இரண்டு திசையில். இரண்டு பக்கத்து ஜூனியர்களும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்ததே இந்த முகாமின் முதல் லாபம் என்பேன்.

பயிற்சிக்கு ஒரு கற்பனை வழக்குக் கட்டு தயாரானது. நம்மூர் ஜே.எம். (ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட்) கோர்ட்டில் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிற கேஸ்தான், ஆபாசத் திட்டு, ஆயுதத்தால் காயம், மிரட்டல்: முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 324, 506(2) என்று ஒரே மூச்சில் சொல்வோமே, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 118(1), 351(3). சம்பா நேரம், இரவு ஒன்பதரை மணி, வாய்க்கால் மடையை யார் அடைத்தது என்று பங்காளிகளுக்குள் தகராறு, ஒருவருக்குத் தலையில் காயம். கட்டில் எஃப்.ஐ.ஆர்., அரசு மருத்துவமனை ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), காயச் சான்று, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுவது), மாதிரி வரைபடம், போலீசிடம் கொடுத்த வாக்குமூலங்கள். எஃப்.ஐ.ஆரில் மூன்று பேர், அரிவாள். ஏ.ஆர். காப்பியில் தெரிந்த இரண்டு பேர், கட்டை. வரைபடத்தில் தெருவிளக்கே இல்லை. காயம்பட்டவர் கோர்ட்டில் "நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்" என்பார், போலீஸ் வாக்குமூலத்தில் அந்தப் பேச்சே இருக்காது. சம்பவத் தேதி 2.10.2024. அன்று மகாளய அமாவாசை. கட்டில் எங்கேயும் அப்படி எழுதியிருக்காது, காலண்டரைப் பார்க்கிறவருக்குத்தான் கிடைக்கும். 1858-ல் லிங்கன் ஒரு கொலை வழக்கில் பஞ்சாங்கத்தைக் காட்டி நிலா வெளிச்சச் சாட்சியை உடைத்த கதையை வக்கீல்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். கதை தெரிந்தும், கட்டைப் பிரித்தவுடன் தேதியைச் சரிபார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் ஒருவர் மன்னார்குடிப் பெண். அன்றைக்குத் தன் அப்பா ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

முதல் நாள் காலை முழுக்க உரைகள். சாட்சியச் சட்டம் 1872 போய் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்ததில் எந்தப் பிரிவு எங்கே போயிற்று என்று திரையில் அட்டவணை ஓடியது: பழைய 145 இன்றைய 148, பழைய 154 இன்றைய 157. எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகு சீனியர்கள் அனுபவம் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் இருபது வருடத்துக்கு முந்தைய கொலைக் கேஸ் ஒன்று இருக்கிறது, அதில் கடைசிக் கேள்வியில் சாட்சி உடைந்து போகிறார். கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஜூனியர்கள் எழுந்து முதல் கிராஸ் செய்தபோது, அத்தனை சுவையும் ஒரு பைசாவுக்குப் பிரயோசனப்படவில்லை. நோட்டில் எழுதி வந்த கேள்விகளை வரிசையாக வாசித்தார்கள். பதில் என்ன வந்தது என்று கேட்கக்கூட இல்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சாட்சியாக நடித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்பாட்டாளர்களின் மிக நல்ல யோசனை அதுதான். காயம்பட்டவராக நின்றவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. முப்பது வருடமாகக் கூண்டுப் பக்கத்தில் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர். எந்தக் கேள்விக்குச் சாட்சி எப்படி நழுவுவான் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. புலன் விசாரணை அதிகாரியாக ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒருவர். பக்கத்தில் ஓய்வு பெற்ற கோர்ட் டைப்பிஸ்ட் ஒருவர் உட்கார்ந்து, நிஜமாகவே சாட்சியத்தைத் தட்டினார்.

பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்டார்: "அவ்வளவு இருட்டுல நீங்க எப்படி அவரை அடையாளம் பார்த்தீங்க?"

குமாஸ்தா ஒரு நொடி தாமதிக்கவில்லை. "பொறந்ததுலேர்ந்து பார்க்கிற மொகம் சார். நடையை வெச்சே சொல்லிடுவேன். என் பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டே ஓங்குனான், கொரலு தெரியாதா எனக்கு?"

கூடம் சிரித்தது. தம்பி வியர்த்துப் போய் உட்காரப் பார்த்தார். இங்கேதான் முகாமின் போக்கு மாறியது.

சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஹாம்பல் முறையில் பழகியவர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹாம்பல் வகுத்த முறை அது. இங்கிலாந்தில் பாரிஸ்டர்களுக்கான பயிற்சியிலும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆறு படி. எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று ஒரு வரியில் சொல்வது. ஜூனியர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன அதே வார்த்தைகளில் திருப்பிப் படிப்பது. அது ஏன் கெடுதல் என்று விளக்குவது. எப்படி மாற்றுவது என்று சொல்வது. பயிற்சியாளரே செய்து காட்டுவது. கடைசியாக, ஜூனியர் உடனே திரும்பச் செய்வது. ஒருவருக்கு ஒரு குறைதான், பத்துக் குறை கண்ணில் பட்டாலும். பாட்டு வாத்தியார் ஒரு சங்கதியில் நிறுத்தி, அது வரும்வரை அடுத்த வரிக்கு விடாத மாதிரி.

அந்தப் பயிற்சியாளர் தம்பியை உட்கார விடவில்லை. "கிராஸில் 'எப்படி' வேண்டாம்" என்று தலைப்பு. அவர் கேள்வியை எழுத்துப் பிசகாமல் படித்தார். 'எப்படி' என்று கேட்டால் சாட்சிக்கு மேடை போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று காரணம். கட்டில் இருக்கிற ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியாக, ஆம் இல்லை என்று மட்டும் சொல்ல வருகிற மாதிரி வை என்று மருந்து. செய்தும் காட்டினார்: சம்பவ இடம் வாய்க்கால் கரை. கரையில் தெருவிளக்கு இல்லை. உங்கள் கையில் டார்ச் இல்லை. அன்று மகாளய அமாவாசை. அவ்வளவுதான், அங்கே நிறுத்து, 'அப்போ எப்படிப் பார்த்தீங்க' என்று ஆசைப்படாதே.

தம்பி திரும்பச் செய்தார். குமாஸ்தா ஒவ்வொன்றுக்கும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். டைப்பிஸ்ட் தாளை உருவி வாசித்தார்: "சம்பவ இடத்தில் தெருவிளக்கு இல்லை என்றால் சரிதான். என் கையில் டார்ச் இல்லை என்றால் சரிதான். சம்பவ நாள் அமாவாசை என்றால் சரிதான்."

இந்தத் தட்டச்சுத் தாளை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பெரும்பாலும் கேள்வி பதிலாகப் பதிவாவதில்லை, சாட்சியே தொடர்ச்சியாகச் சொல்வது போலப் பதிவாகும். மேல்முறையீட்டில் யாரும் உங்கள் குரலையும் கம்பீரத்தையும் கேட்கப் போவதில்லை, இந்த வரிகள்தான் போகும். முதல் முயற்சியின் தாளையும் இரண்டாவதின் தாளையும் ஒவ்வொரு ஜூனியர் கையிலும் கொடுத்தார்கள். உரைகளுக்குப் படம் பிடித்தவர்கள், இவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் முரண்பாட்டுப் பயிற்சி. போலீஸ் வாக்குமூலத்தை என்னவெல்லாம் செய்யலாம், கூடாது என்பதற்கு 1959-ல் வந்த தஹ்சில்தார் சிங் தீர்ப்பு இன்றும் அடித்தளம். படித்தால் புரியும். கையாலே செய்யும்போதுதான் இடறும். சாட்சியிடம், "போலீஸ் விசாரணையில் நிலா வெளிச்சம் பற்றி நீங்கள் சொல்லவில்லை" என்று வைக்க வேண்டும். அவர் "சொன்னேன்" என்பார். அது பதிவாக வேண்டும். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அவரிடம் கேட்டு, "அ.சா.1 (அரசு தரப்பு முதல் சாட்சி) என் விசாரணையில் நிலா வெளிச்சம் இருந்ததாகச் சொல்லவில்லை என்றால் சரிதான்" என்று வாங்கினால்தான் அந்த முரண் நிரூபணமாகும். விட்டால், சாட்சியை அவ்வளவு நேரம் நிற்க வைத்ததெல்லாம் வீண்.

ஏற்பாட்டாளர்கள் வேண்டுமென்றே எஸ்.ஐ.யை மறுநாள் மத்தியானம்தான் கூண்டில் ஏற்றினார்கள். முந்தின நாள் குமாஸ்தாவை அழகாக மடக்கிய பலர், எஸ்.ஐ.யிடம் வரைபடத்தைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாள் இடைவெளியிலேயே இப்படி. நிஜத்தில் இரண்டு சாட்சிக்கும் நடுவே மாதங்கள் ஓடும், சில நேரம் மாஜிஸ்ட்ரேட்டே மாறிவிடுவார். மயிலாடுதுறை சீனியர் ஒருவர் தன் பழக்கத்தைச் சொன்னார்: ஒவ்வொரு கட்டிலும் கடைசித் தாள் காலியாக இருக்கும், தலைப்பு 'ஐ.ஓ.விடம்', அதாவது விசாரணை அதிகாரியிடம், ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் கோர்ட்டை விட்டு வெளியே வருவதற்குள் அதில் எழுதிவிட வேண்டும். முகாமில் கிடைத்ததில் மலிவான, உறுதியான வித்தை இது.

சஜஷன், அதாவது நம் தரப்புக் கதையைச் சாட்சியிடம் வைத்து ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்பது, அந்த விஷயத்தில்தான் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. நம்மூர் கிராஸ் எல்லாம் "நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள்" என்பதில் முடியும், சாட்சி "சரியல்ல" என்பார், வழக்கமான சடங்கு. ஜூனியர்கள் அந்தச் சடங்கை நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். ஒருவர், தன் கட்சிக்காரர் அன்று ஊரிலேயே இல்லை என்று முதலில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, மடையை உடைக்க வந்தவரைத் தற்காப்புக்காகத் தள்ளியதில் காயம் பட்டது என்றும் வைத்தார். இரண்டையும் "சரியல்ல" என்று குமாஸ்தா மறுத்துவிட்டதால் நஷ்டமில்லை என்று நினைத்தார். 2023-ல் பாலு சுதம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வக்கீல் வைக்கிற சஜஷனையும் எதிரிக்கு எதிராகக் கணக்கில் எடுக்கலாம். தற்காப்பு என்று சொன்ன அந்த நொடியில், கட்சிக்காரரை வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று. இதைச் சொன்னபோது கூடத்தில் சத்தமே இல்லை. சிலர் போன மாதம் தாங்கள் வைத்த சஜஷன்களை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போனார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய இரவு, விளக்கு இல்லை, போன் டார்ச் கூடாது என்று கட்டளை. ஒருவர் எதிர்ப் பக்கமிருந்து நடந்து வர, அது யார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். கைக்கெட்டும் தூரம் வந்த பிறகும் முகம் பிடிபடவில்லை. ஆனால் இரண்டு பேரை எல்லோரும் தூரத்திலேயே சொல்லிவிட்டார்கள், ஒருவர் நடையை வைத்து, இன்னொருவர் செருமலை வைத்து. குமாஸ்தா இருட்டுக்குள்ளிருந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே சார்" என்றார். எதிரி தரப்புக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்துப் போன பயிற்சி அரசு தரப்புக்கும் ஆயுதம் கொடுத்தது. சம்பவ இடத்தைப் பார்க்காமல் கிராஸ் செய்யாதே என்பது பழைய பாடம்தான், ஆனால் அதைக் கால் சேற்றில் நின்று கற்றவர்கள் அங்கே குறைவு. அமெரிக்காவில் வயோமிங் மாநிலப் பண்ணை ஒன்றில் 1994-ல் கெரி ஸ்பென்ஸ் தொடங்கிய வக்கீல் முகாமில் சம்பவத்தையே நடித்துப் பார்ப்பார்கள். அங்கே அது பாதிக்கப்பட்டவரின் மனத்துக்குள் போவதற்காக. எங்களுக்கு அவ்வளவு ஆழம் வேண்டியிருக்கவில்லை, இருட்டைப் பார்த்தால் போதுமாக இருந்தது.

சீனியர்களை அடக்குவதுதான் கஷ்டம். யாராவது ஒரு ஜூனியர் இடறினால் உடனே எழுந்து, "1998-ல இதே மாதிரி ஒரு கேஸ்..." அதனால் விதி வந்தது: இரண்டு நிமிடம், ஒரே குறை, அதையும் செய்து காட்ட வேண்டும். கும்பகோணத்து சீனியர் ஒருவர் செய்து காட்ட எழுந்தார். குமாஸ்தா அவரையும் விடவில்லை, இரண்டாவது கேள்வியிலேயே கவிழ்த்தார். அவர் சிரித்துவிட்டு, "சரி, திரும்பக் கேட்கிறேன்" என்று வேறு மாதிரி கேட்டார். அதற்குப் பிறகு பின்வரிசையில் ஒளிந்திருந்தவர்கள்கூடக் கை தூக்கினார்கள். சீனியர் முன்னால் உட்காரவே யோசிக்கிற ஊர் இது. சீனியர் இடறுவதைக் கண்ணால் பார்ப்பது எந்த உரைக்கும் மேல்.

இதெல்லாம் முகாம். பலன் எங்கே நிற்கிறது என்றால், திங்கட்கிழமை காலை சேம்பரில்.

கிளம்பும் முன் சீனியர்கள் ஒத்துக்கொண்டது இது: மாதம் ஒரு சாட்சியையாவது ஜூனியர் கையில் விடுவது. மகஜர் சாட்சி, டாக்டர் மாதிரி ஆபத்துக் குறைந்தவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. சில சேம்பர்களில் நடந்தது. பலவற்றில் நடக்கவில்லை, சீனியர்களின் கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. கட்சிக்காரர், "ஐயா, உங்களுக்குத்தான் ஃபீஸ் கொடுத்தேன், அந்தத் தம்பிக்கு இல்லை" என்று நேராகச் சொல்லிவிடுகிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. இன்னொரு பக்கம், கிராஸைத் தள்ளி வைத்து, பிறகு சாட்சியைத் திரும்ப அழைக்க மனு போடுகிற வழக்கம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 311, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 348. 2015-ல் வினோத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. சீனியர் இல்லாத நாளில் ஜூனியரே கிராஸை முடித்தால் மனுவே தேவையில்லை. ஆனால் முந்தின நாள் ராத்திரி கட்டை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டுமே.

பணத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகை சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 என்றது. முகாமில் நான் பேசிய யாரும் அந்தத் தொகையைக் கையில் பார்த்ததாகச் சொல்லவில்லை. பெட்ரோலுக்கும் டீக்கும் கணக்குப் பார்க்கிறவர் ராத்திரி உட்கார்ந்து கட்டுப் படிப்பார் என்று எதிர்பார்ப்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

முகாமில் இருந்தவர்களில் அதிகம் முன்னேறியதாக எனக்குப் படுவது, பெரிய சேம்பர்களில் இருந்தவர்கள் அல்ல, சட்ட உதவிப் பக்கம் போனவர்கள். நால்சாவின் (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின்) சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில் உதவி நிலைப் பதவிக்கு மூன்றாண்டு வரை அனுபவமுள்ளவர்களே போதும். அங்கே எதிரி ஃபீஸ் கொடுத்த சீனியர் என்று யாரும் கிடையாது, கட்டு நேராகக் கைக்கு வரும். ஒருவர் அங்கே சேர்ந்து, தன் முதல் காயச் சாட்சியின் டெபாசிஷனை (பதிவான சாட்சியத்தை) பயிற்சியாளர்களுக்கு அனுப்பியிருந்தார். நாலு இடத்தில் 'எப்படி' கேட்டிருக்கிறார். ஆனால் கடைசித் தாளில் 'ஐ.ஓ.விடம்' என்று எழுதி, கேட்டும் விட்டார்.

அடுத்த முகாமுக்குக் கட்டு தயாராகிறது. இந்த முறை குத்தகை. 1955-ம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி வருவாய் நீதிமன்றத்தில் நிற்கிற வெளியேற்ற வழக்கு. அடங்கல் (சாகுபடிக் கணக்கு), குத்தகை ரசீது, ரசீதே கொடுக்காத நிலக்காரர், எல்லாம் உண்டு. சேர்க்கையிலும் ஒரு மாற்றம்: ஜூனியருக்கு இடம் உறுதியாவதற்கு முன், எந்த வழக்கில் எந்தச் சாட்சியைக் கொடுக்கப் போகிறேன் என்று சீனியர் எழுதித் தர வேண்டும். சிலர் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களுடைய ஜூனியர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவுக்குள் சண்டை நடக்கிறது. சேர்க்க வேண்டும், அந்த இடங்களுக்கான சாட்சிகளை மற்ற சீனியர்கள் தங்கள் கட்டுகளிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது என் பக்கம். யார் கட்சிக்காரர் அதற்குச் சம்மதிப்பார் என்று கும்பகோணத்து சீனியர் கேட்கிறார். அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.